பெரியப்பாவின் படமும் இரண்டு அம்மாக்களும்

சண்டைக்கால வன்னியில் படம் பார்ப்பது என்றால் முதலில் மண்ணெண்ணெய் சேர்ப்பது என்றிருந்த காலத்தை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் கொடுத்தால்தான் ஜெனரேற்றர் ஓடும். ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கை அன்றைக்கு அணைத்து, அந்த எண்ணெயையும் வடித்துக் கொடுத்துவிட்டு, இருட்டில் தடவித் தடவிச் சாப்பிட்டிருக்கிறோம். என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள். அதனால் இதை அவர்களுக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் படம் ஒன்றில் நான் நடித்திருக்கிறேன். உங்களில் சிலர் அதைப் பார்த்தும் இருப்பீர்கள். தண்ணீர்க் கரையில் ஒரு பெண் வாயைத் திறந்து அழுவாள். சத்தம் வராது. அவள் கட்டிப்பிடித்திருக்கும் அந்த ஒல்லிச் சிறுமி நான்தான்.

படத்தை எடுத்தவர் என் பெரியப்பா.

எங்கள் சொந்த இடம் முல்லைத்தீவுக் கரை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். கடலில் பெரியப்பா சுமாரான ஆள்தான், அதை அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்குக் கூத்துப் போட்டால் அவரைத் தவிர வேறு யாருக்கும் அரச வேசம் கொடுக்க மாட்டார்கள். கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய முடியைத் தலையில் வைத்து, தோளில் தகடுகளைக் கட்டிக்கொண்டு அவர் களரிக்கு வரும்போது, நிலத்தில் இருந்த சனம் தன்னையறியாமல் எழும்பும். முகப்பூச்சும் வியர்வையும் கலந்த ஒரு வாசம் அவரிடமிருந்து வரும். அந்த வாசத்தோடு அவர் என்னைத் தூக்கி வைத்திருந்ததுதான் அவரைப் பற்றிய எனது முதல் நினைவு.

ஒருநாள் பெரியப்பா கூத்துப் பழகப் போய்விட்டார். அப்பா தனியே கடலுக்குப் போனார். கடலில் நேவி சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த நாள் வள்ளம் கரைக்கு வந்தது, அப்பா வரவில்லை. உடலும் வரவில்லை. அம்மா அழவில்லை. அழுதால் அவர் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று நினைத்தாவோ என்னவோ. இறந்தவர்களுக்குக் கொடுக்கும் பூசையைக் கோயிலில் கேட்க மறுத்துவிட்டா. தாலியையும் கழற்றவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வர நெடுநாள் பிடித்தது. வந்த பிறகும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்க மாட்டார், குசினிச் சுவரைப் பார்த்துத்தான் கதைப்பார்.

அதற்கடுத்த வருடம் சண்டை எங்களைக் கரையிலிருந்து கிளப்பியது. முதலில் முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பிறகு உடையார்கட்டுக் குளத்துக்குப் பக்கத்தில் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டோம். கூத்து உடுப்புப் பெட்டி கரையிலேயே நின்றுவிட்டது. கடலில்லாத கரையார்கள் நாங்கள், முடியில்லாத அரசன் பெரியப்பா. ஆண்கள் விறகு வெட்டப் பழகினார்கள். அவருக்கு அதுவும் சரிவரவில்லை.

"கூத்தும் போச்சு, கடலும் போச்சு. இனியாவது கோடாலியைப் பிடியுங்கோவன்" என்று பெரியம்மா பேசிக்கொண்டே இருப்பா.

அவர் பேனையைப் பிடித்தார். உடுப்பில்லாமல் அரசனை மேடையேற்ற முடியாது என்றபடியால், இருக்கிற உடுப்போடு நடிக்கக்கூடிய நாடகம் ஒன்றை எழுதினார். அது சங்கக்கடை வரிசையைப் பற்றியது. நிவாரண அரிசிக்கு நிற்கிற சனம், அவர்களுக்குள் வருகிற சண்டை, உள்ளே மேசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் மனேஜர். பெண்கள் யாரும் நடிக்க வரமாட்டார்கள் என்பதால் பெரியம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு பெண் வேசத்தையும் அவரே போட்டார். ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று சைக்கிள்களில் போய்ப் பள்ளிக்கூடங்களில் போட்டார்கள். எங்கள் சங்கக்கடை மனேஜர் கோபித்துக்கொண்டு பெரியம்மாவின் அரிசியைத் தாமதப்படுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, அடுத்த தடவை முன் வரிசையில் வந்திருந்து கைதட்டினார். கூத்தில் அரசனாக நின்றபோது சனம் பெரியப்பாவைப் பார்த்து எழும்பியது. இப்போது சிரித்தது. எது பெரிது என்று அவருக்கே தெரியாமல் கொஞ்ச நாள் திரிந்தார்.

அந்தச் சங்கக்கடை வரிசையில்தான் அவர் கச்சான் அக்காவைக் கண்டார்.

குளத்துக்கு அப்பால், காடு தொடங்குகிற இடத்தில், மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்த குடும்பங்கள் இருந்தன. மற்றவர்களுடைய காணிகளில் நெல்லும் கச்சான் கடலையும் செய்கிறவர்கள். அந்த அக்கா கச்சான் தோட்டத்தில் வேலை செய்வா. அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. வரிசையில் நிற்கும்போது சனத்தை அச்சொட்டாக நடித்துக் காட்டுவா. மனேஜர் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது, பெரியம்மா இடுப்பில் கை வைத்துப் பேசுவது, சுவாமியார் பிரசங்கத்தில் இருமுவது. ஒருநாள் எங்கள் அம்மா கூப்பன் மட்டையை நீட்டுகிற விதத்தைச் செய்து காட்டினா. வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

பெரியப்பாவும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி அந்த அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நாட்களில் முள்ளியவளையில் ஒரு கமராக்காரர் இருந்தார். கலியாண வீடுகளில் வீடியோ எடுத்தவர். கலியாணங்கள் குறைந்து போனதால் கமராவைப் படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார். நாடகம் பார்க்க வந்த அவர், "அண்ணை, நீங்கள் ஏன் இதைப் படமா எடுக்கக்கூடாது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி பெரியப்பாவுக்குப் போதுமாயிருந்தது. நாடகத்தை எடுக்கவில்லை. வேறொரு கதையைச் சொன்னார். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் மனைவியின் கதை.

எங்கள் கொட்டிலுக்கு வந்து, குசினித் தட்டியைப் பார்த்தபடி அம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா. குளத்து மீன்.

"எடுங்கோ அத்தான். ஊருக்கே தெரிஞ்ச கதைதானே" என்றா.

"எங்கட பிள்ளை மகளா நடிக்கட்டும்."

"நடிக்கட்டும்."

யார் மனைவியாக நடிப்பது என்பதை அவர் அன்று சொல்லவில்லை. பிறகு தெரியவந்தபோது பெரியம்மாதான் முதலில் கத்தினா. "தோட்டக்காட்டாளைக் கொண்டு வந்து எங்கட வீட்டுப் பொம்பிளையா நடிக்க விடப்போறியளோ? சனம் காறித் துப்பும்!" மலையகத்துச் சனத்தை இழிக்கும் அந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும் அன்று வெகு இலகுவாகச் சொன்னோம், நினைவிருக்கிறதா? கச்சான் அக்காவை எங்கள் சனம் நீ, வா, போ என்றுதான் பேசும். பெரியப்பா ஒருவர்தான் "தங்கச்சி, நீங்கள்" என்று சொல்வார். அதுவே ஊரில் ஒரு கதையாகிவிட்டது. அந்தக் கதைக்குப் பயந்து அக்காவின் கணவர் படப்பிடிப்பு நாட்களில் காட்டு வேலைக்குப் போகாமல் கூடவே வந்து மருத மரத்தின் கீழே குந்தியிருப்பார். யாரோடும் பேசமாட்டார்.

கடற்கரைக்குப் போக முடியாது, அங்கே ஆமி. குளத்தைத்தான் கடலாக்க வேண்டும். அசையாத தண்ணீரைக் காட்டினால் கரைச் சனம் சிரிக்கும் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். ஆகவே சோளகக் காற்று நன்றாக எழும்புகிற பின்னேரங்களில் மட்டும், குளத்தில் சிற்றலை அடிக்கும்போது, கமராவை நிலத்தோடு தாழ வைத்து எடுத்தார்கள். அக்கரை தெரியாது. யாரோ கொடுத்த பழைய தெப்பத்தைப் பாதி மறைத்து வள்ளமாக்கினார்கள். பற்றறிக்குத் தட்டுப்பாடு என்பதால் கமராக்காரர் எந்நேரமும், "அண்ணை, பற்றறி இறங்குது" என்று முறையிட்டுக்கொண்டே இருப்பார்.

எனக்கு அந்தப் பின்னேரங்கள் போல மகிழ்ச்சியான நாட்கள் அதற்கு முன்னும் இருக்கவில்லை, பின்னும் அதிகம் இருக்கவில்லை. கச்சான் அக்காவுக்கு எங்கள் பேச்சைப் பழக்குவது என் வேலை. "வாறன் எண்டு சொல்லுங்கோ அக்கா. வாரேன் இல்லை." "வாறன்." "போயிட்டு வாரேன் இல்லை, போட்டு வாறன்." "போட்டு வாறன் பாப்பா. சரியா?" "பாப்பா எண்டு சொல்லக்கூடாது!" இருவரும் சிரிப்போம். காட்சி தொடங்கினால் அவவின் முகம் மாறிவிடும். நடையும் மாறும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவது, கதைக்கும் முன் கீழுதட்டைக் கடிப்பது எல்லாம் என் அம்மாவாக இருக்கும். படத்தில் நான் அவவை "அம்மா" என்று கூப்பிட வேண்டும். நாலைந்து நாளில் அந்தச் சொல் எனக்குக் கூச்சமில்லாமல் வரத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் என் அம்மாவைக் கூப்பிடும்போதுதான் நாக்கு சற்றுத் தயங்கியது.

கடைசிக் காட்சி, வள்ளம் வெறுமையாகக் கரைக்கு வருவது. மனைவி முழங்காலில் விழுந்து கணவனின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்று பெரியப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். கச்சான் அக்கா விழவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி நின்றா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தா. பார்த்துக்கொண்டே இருந்தவ, என்னை இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கத்தினா. அப்படியொரு சத்தம் ஒரு மனுசியிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னா. அது என் பெயர் அல்ல, அப்பாவின் பெயரும் அல்ல. காது அவவின் மாரோடு அமுங்கியிருந்ததால் அந்தப் பெயர் எனக்கு உள்ளே அதிர்வாகக் கேட்டது. காற்றிரைச்சலில் மற்றவர்களுக்கு வெறும் கத்தல்தான் கேட்டிருக்கும். எனக்கு மூச்சு முட்டியது. கமராக்காரர் பற்றறியை மறந்தே போனார்.

முடிந்ததும் அக்கா குளக்கட்டில் குந்தியிருந்து தண்ணீர் குடித்துவிட்டு, "பயந்துட்டியா பாப்பா?" என்று கேட்டா. மருத மரத்தின் கீழிருந்த அவவின் கணவர் எழுந்து வந்து, அவவுக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாம் நடிப்பென்று நாங்கள் நினைத்தோம். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் படம். இனி ஒண்டும் தேவையில்லை" என்றார்.

ஆனால் அலைக்காகத் தேடிய காற்று, சத்தத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. முள்ளியவளையில் போட்டுப் பார்த்தபோது பேச்சுக்கு மேலே காற்றின் இரைச்சல். எல்லோருடைய குரலையும் ஒரு அறைக்குள் வைத்து மறுபடி பதிவு செய்து சேர்க்க வேண்டும் என்று கமராக்காரர் சொன்னார். அந்த முறை அம்மாவும் எங்களோடு பார்க்க வந்திருந்தா. சின்ன ரி.வி.க்கு முன்னால் பாயில் இருந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தா. பார்த்து முடிந்ததும் பெரியப்பாவிடம், முதன்முறையாக நேருக்கு நேராகச் சொன்னா:

"அவள் என்னை நடிச்சுக் காட்டுறாள், சங்கக்கடையில காட்டின மாதிரி. அது பரவாயில்லை. ஆனா என்ர மனுசன்ர பேரை அவளின்ர வாயால சொல்ல நான் விடமாட்டன்."

"பிள்ளை, அவ நல்லாத்தான்..."

"இந்தக் கதையில அவருக்கு அண்ணன் ஒருத்தர் இல்லையே அத்தான். அதை நான் கேட்டனா? நீங்கள் உங்களைக் கதையில இருந்து எடுத்துப்போட்டு மிச்சத்தைச் சொல்லுறியள். நான் என்ர குரலை மட்டும்தான் கேக்கிறன்."

பெரியப்பா குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியாது என்பது எனக்கு இன்று விளங்குகிறது. அன்று, அம்மா வென்றுவிட்டா என்று மட்டும் விளங்கியது.

குரல் பதிவுக்கு என்னையும் அம்மாவையும் கூட்டிப் போனார்கள். யன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்ட அறை, வியர்த்து ஊற்றியது. படத்தில் கச்சான் அக்காவின் வாய் அசைய அசைய அம்மா கதைத்தா. எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா! தன் கணவனின் பெயரை அத்தனை தடவை அவ உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசிக் காட்சி வந்தது. அம்மா வாயைத் திறந்தா. ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் வரவில்லை. "ஏலாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் வேப்பமரத்தின் கீழே நின்றா.

"விடு. அழுகைக்கு அந்தத் தங்கச்சியின்ர சத்தமே கிடக்கட்டும். காத்து இரைஞ்சாலும் பரவாயில்லை" என்று பெரியப்பா கமராக்காரரிடம் சொன்னார்.

இதெல்லாம் நடந்தது கச்சான் அக்காவுக்குத் தெரியாது. தன்னையும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தா. மழைக்காலம் வந்தது. ஒருநாள் மண் ஒழுங்கைப் பாதையில் என்னைக் கண்டு, "பாப்பா, என்னைய எப்பக் கொரல் குடுக்கச் சொல்லுவாங்க? நா தெனமும் வேலையில சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன். போட்டு வாறன். போட்டு வாறன். சரியாத்தானே வருது?" என்று கேட்டா.

"உங்கட குரல் இல்லையே அக்கா. எங்கட அம்மா குடுத்திட்டா" என்று நான் சொன்னேன். குழந்தைகள் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னேன்.

அவ என் முகத்தைப் பார்த்தா. பிறகு தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, காலில் சேறோடு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று எங்கள் கொட்டில்களை நோக்கி நடந்தா. நான் பின்னால் ஓடினேன்.

பெரியப்பா வாசலில் கதிரையில் இருந்தார்.

"அய்யா, என் பேச்ச எடுத்துட்டீங்களாமே?"

"இருங்கோ தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சுட்டு..."

"தேத்தண்ணி வேணாங்க. எடுத்தீங்களா, இல்லையா?"

"ஓம்" என்றார். "உங்களில பிழை இல்லை. இது இவவின்ர கதை. இவவின்ர மனுசன். கேட்டா, மறுக்கேலாமப் போச்சு."

அம்மா குசினி வாசலில் வந்து நின்றா. கச்சான் அக்கா அம்மாவைப் பார்த்தா. அம்மா தலையைக் குனியவில்லை.

"அப்ப அவங்களே பேசட்டும். அது அவங்க நியாயம்" என்றா கச்சான் அக்கா. "அழுகையும் அவங்கதான் அழுதாங்களா?"

பெரியப்பா கதிரையை விட்டு எழும்பினார்.

"அழுகை உங்கடதான் தங்கச்சி" என்று பெரியப்பா ஆறுதல் சொல்வது போலச் சொன்னார். "அதைத் தொடேல்லை. அது மாதிரி வேற ஒருத்தராலயும் ஏலாது."

"அத எடுத்துருங்க."

"என்ன?"

"எடுத்துருங்கய்யா. அது ஒங்க தம்பிக்கு அழுதது இல்லீங்க." குரல் உயரவில்லை. "இந்தக் காட்டுக்கு வந்த மொத மழையிலேயே எம் மவளுக்கு மலேரியாக் காச்சல். சைக்கிள்ல வச்சு ஒட்டுசுட்டானுக்குக் கொண்டு போறப்ப, வழியிலயே போயிருச்சு. பொதச்சிட்டு மறுநாளே வேலைக்குப் போனேன். போகாட்டிச் சோறு இல்ல. அழறதுக்கு நேரமும் இல்ல. அன்னைக்குக் கொளத்துல இந்தப் பாப்பாவப் புடிச்சப்ப வந்துருச்சு. அவ பேரச் சொல்லித்தான் கத்துனேன். எம் பேச்சு இருந்தா அதுவும் இருக்கட்டும்னு விட்டிருப்பேன். வேற ஆளு பேச்சுக்கு நடுவுல எம் மவ பேரு கெடக்கக் கூடாது."

"தங்கச்சி, படத்தின்ர உயிரே அதுதான்."

"எனக்கும் அப்புடித்தாங்க" என்றா. அதற்குப் பிறகு காத்திருக்கவில்லை. ஒழுங்கையில் விட்டுவந்த சுமையை எடுக்கத் திரும்பிப் போனா.

பெரியம்மா, "அவள் சொன்னால் எடுக்கோணுமோ? ஆருக்குத் தெரியப்போகுது?" என்றா. அம்மா சோறு கரியும் மணம் வந்த பிறகுதான் உலைப்பக்கம் போனா.

பெரியப்பா அந்த அழுகையை எடுத்துவிட்டார். அந்த ஒன்றில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் முதலில் ஆர்மோனியத்தைச் சேர்த்துப் பார்த்தார்களாம், சரிவரவில்லை. கோயில் மணியைச் சேர்த்தார்களாம், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டார்கள்.

தை மாதத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் படம் போட்டார்கள். மேசைக்கு மேல் மேசை வைத்து அதன் மேல் ரி.வி. ஜெனரேற்றரைத் தூரத்தில் கிணற்றடியில் வைத்திருந்தார்கள். முன்னால் பாய்களில் எங்கள் சனம். காட்டோரக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். கச்சான் அக்காவும் கணவரும் அவர்களுக்குள் நின்றதைக் கண்டேன். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தா. வரமாட்டா என்று நினைத்திருந்தேன்.

அவவின் முகம் வந்ததும் பின்னாலிருந்து விசில் எழும்பியது. அந்த வாயிலிருந்து எங்கள் அம்மாவின் குரல் வந்ததும் விசில் நின்றது. குளத்தைப் பார்த்து யாரோ, "இது எங்கட கடல் இல்லையெண்டு தெரியுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. படம் சனத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

கடைசிக் காட்சி. வள்ளம் வருகிறது. அவ என்னை இழுக்கிறா. வாய் திறக்கிறது. சத்தமே இல்லை. கிணற்றடி ஜெனரேற்றர் மட்டும் இரைகிறது. பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒரு கணம் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள்.

அப்போது எனக்குப் பக்கத்தில் இருமல் போல ஏதோ கேட்டது. திரும்பினேன். அம்மா. இன்னொரு முறை அப்படி வந்தது. பிறகு அப்பாவின் பெயரைச் சொல்லி அம்மா கத்தினா. பதிவு அறையில் வராதது, அப்பா போய் அத்தனை காலமாக வராதது, அந்த மைதானத்தில் வந்தது. பெரியம்மா ஓடி வந்து பிடித்தா. அவவையும் இழுத்துக்கொண்டு அம்மா நிலத்தில் விழுந்தா. மற்றப் பெண்களும் தொடங்கினார்கள். அந்த மைதானத்தில் யாருக்குத்தான் அழ ஒரு பெயர் இருக்கவில்லை?

பெரியப்பா ரி.வி. மேசைக்குப் பக்கத்தில் நின்றார். ஜெனரேற்றரை நிற்பாட்டச் சொல்லி அவர் ஒரு கை காட்டியிருந்தால் போதும், காட்டவில்லை. படம் ஓடி முடிந்தது. சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய முகத்தில் துக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. தன் நடிப்பு பிடித்துவிட்டது என்று அறிந்த நடிகனின் முகம் அது. எனக்கு அவர் மேல் ஒரு பயம் வந்தது. பின்னால் பார்த்தேன். கச்சான் அக்கா நின்ற இடத்தில் யாரும் இல்லை.

அந்த மௌனம்தான் பெரியப்பாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. படம் வன்னி முழுக்க ஓடியது. கிளிநொச்சியிலிருந்து படித்தவர்கள் வந்து, "அழுகையைக் காட்டி, சத்தத்தை எடுத்தது எப்பேர்ப்பட்ட யோசனை!" என்று புகழ்ந்தார்கள். அவர் மறுக்கவில்லை. முதலில் கூச்சத்தோடு தலையைக் குனிந்தார். பிறகு தலையாட்டினார். பிற்பாடு, அந்த யோசனை தனக்கு எப்படி வந்தது என்று விளக்கவும் தொடங்கிவிட்டார். அவரை எல்லோரும் இயக்குநர் என்றார்கள். இரண்டாவது படத்துக்கு நல்ல கமரா கிடைத்தது. அதிலும் ஒரு மகன் சாகிற இடத்தில் வேண்டுமென்றே சத்தத்தை எடுத்தார். சனம், "சவுண்டைப் போடுங்கோ! சவுண்டைப் போடுங்கோ!" என்று கத்தியது. மூன்றாவது படம் எடுக்கவில்லை. இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வு வந்தது. கடைசிச் சண்டையில் எல்லாப் பிரதிகளும் போயின. கமராக்காரரும் போனார். காட்டோரக் குடியிருப்பு இருந்த இடத்தில் இன்று வேறு யாரோ இருக்கிறார்கள். கச்சான் அக்காவைப் பற்றி நான் விசாரித்த எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் வவுனியாவில், படம் எடுக்கிற இளம் பிள்ளைகள் சேர்ந்து பெரியப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மௌனத்தைப் பற்றி ஒரு பெடியன் கேட்டான். பெரியப்பாவுக்கு வயதாகியிருந்தது, குரல் நடுங்கியது. "தம்பி, அது நான் செய்ததில்லை. அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரி வந்து கேட்டா. குடுத்திட்டன்" என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் ஏதோ தத்துவம் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். காருக்குள் ஏறும்போது, "அவையளுக்கு விளங்கேல்லை மோளே" என்றார். "நீங்கள் விளங்கிற மாதிரிச் சொல்லேல்லை பெரியப்பா" என்றேன். அவர் அதற்குக் கோபிக்கவில்லை. அடுத்த வருடம் காலமானார்.

அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. பெரியப்பாவுக்கும் தெரியாது. படம் போட்டதற்கு அடுத்த நாள் காலை நடந்தது.

அம்மா எழும்பி முகம் கழுவி, என் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டால் நடந்தா. எங்கே என்று சொல்லவில்லை. கச்சான் அறுவடைக் காலம். அக்காவும் இன்னும் சில பெண்களும் நிலத்தில் குந்தி, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து கச்சானை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் பேச்சு நின்றது. அம்மா யாரிடமும் கேட்கவில்லை. கச்சான் அக்காவுக்குப் பக்கத்தில் போய்ச் சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தி, ஒரு செடியை எடுத்து ஆயத் தொடங்கினா. வலை பின்னிப் பழகிய கைக்கு அந்த வேலை வரவில்லை. கச்சானோடு வேரும் அறுந்து வந்தது. அக்கா அதைப் பார்த்தா, திருத்தவில்லை. வெயில் ஏறும்வரை இருவரும் ஆய்ந்துகொண்டே இருந்தார்கள்.

பிறகு அம்மா, செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டா:

"பிள்ளைக்கு என்ன வயசு?"

அக்காவின் கை நின்றது.

"ஆறு முடிஞ்சு ஏழுங்க."

"சாப்பாட்டில என்ன விருப்பம்?"

"இதுதாங்க. பச்சக் கச்சான். மண்ணோடயே திங்கும். அடிச்சாலும் கேக்காது." மண் ஒட்டிய ஒரு கச்சானை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தா. கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க வீட்டுக்காரருக்கு?" என்று கேட்டா.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"சுட்ட மீன்" என்றா அம்மா. "சுட்ட மீனும் புளிச்சாறும். வேற ஒண்டும் கேக்கமாட்டார். நல்ல மனுசனா இருந்தார்."

இருந்தார் என்று அம்மா சொன்னதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். கச்சான் அக்கா தன் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கட்டுச் செடியை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தா. இருவரும் மீண்டும் ஆயத் தொடங்கினார்கள்.